ஏறின கியரிலேயே இறங்கு: குமுளி மலைப்பாதையில் ஓர் எட்டியோஸ்

என் வண்டி 2013 மாடல் டொயோட்டா எட்டியோஸ், பெட்ரோல். வீடு கம்பத்தில், வேலை வண்டிப்பெரியாறில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வரைக்கும் சமவெளி. அங்கிருந்து குமுளி வரை மலை ஏற்றம். குமுளியில் கேரளம் தொடங்கிவிடும், பிறகு தேயிலைக்காடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வண்டிப்பெரியாறு. கம்பத்துக்கும் குமுளிக்கும் உயரத்தில் ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் வித்தியாசம். பள்ளி நாளெல்லாம் அதை ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குகிறேன்.

2017-ல் இந்த வண்டியை இரண்டாம் கையாகத் தேனியில் வாங்கினோம். அப்போது ஓடியிருந்தது 41,000 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தில் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை முத்திரை ஒழுங்காக விழுந்திருந்தது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன்: பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அப்போது விடுவது, ஆயில் மாற்றுவது, கழுவி எடுத்துக்கொண்டு வருவது. பராமரிப்பு என்றால் அவ்வளவுதான் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

2019 ஜூலையில் ஒரு மாலை. பள்ளி விட்டு வரும்போது குமுளியில் நல்ல மழை, செக்போஸ்ட் தாண்டி இறங்கத் தொடங்கியதும் மூடுபனி. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தும் விட்டும், பெரும்பாலும் மிதித்தபடியே, அதன் பின்னால் இறங்கினேன். பாதி மலையில் ஒரு வாடை வந்தது, பிளாஸ்டிக் கருகுவது போல. லாரியிலிருந்து வருகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது கால் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. ஈர மண்ணில் கால் புதைகிற மாதிரி பெடல் மெத்தென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பெடலை விட்டு விட்டு மூன்று நான்கு தடவை வேகமாக மிதித்தேன், கொஞ்சம் பிடிப்பு வந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன். இன்ஜின் உறுமியது, வண்டி மட்டுப்பட்டது. பிறகு ஒன்று. ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஈர ரோட்டில் வண்டி சுற்றிவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் விடாமல் மலைச் சுவர்ப் பக்கம் ஓரங்கட்டி நிறுத்தினேன். கை நடுங்கியது அதற்கப்புறம்தான்.

பின்னால் வந்த ஒரு காய்கறி லாரி நின்றது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த ஓட்டுநருக்கு. இறங்கி வந்தவர் முதலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரோட்டோரம் கிடந்த பெரிய கல்லை எடுத்து முன் டயருக்கு அண்டை கொடுத்தார். அப்புறம்தான் கேட்டார்: "ஏம்மா, மேல இருந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டேவா வந்த?"

நான் பாட்டிலை எடுத்து, புகையும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "சூட்டுல தண்ணி ஊத்தினா டிஸ்க் கோணிக்கும், சும்மா விடு, தானா ஆறட்டும்." ஹேண்ட் பிரேக்கையும் தளர்த்தச் சொன்னார். கொதிக்கிற டிரம்மில், அதாவது பின்சக்கரத்துப் பிரேக் உருளையில், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை இறுக்கிப் பிடித்து வைத்தால் சூடு அங்கேயே தங்கும், கல் இருக்கும்போது கவலை வேண்டாம், கியரில் போட்டுவை என்றார். அரை மணி நேரம் காத்திருந்தோம். பெடல் மறுபடி மேலே வந்தது. "ஏறின கியர்லயே இறங்கு. எனக்கு எங்க முதலாளி சொல்லிக் குடுத்தது, உனக்கு நான் சொல்றேன்." கிளம்பும்போது அண்டைக் கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். இரவில் வருகிற பைக்காரர் அதில் மோதினால் உயிர் போகும் என்றார். மலையில் அப்படி அநாதையாகக் கிடக்கும் கற்களை அன்றிலிருந்து நானும் கண்ட இடத்தில் நின்று எடுத்துப் போடுகிறேன்.

மறுநாள் கூடலூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் முன்னால் இருக்கும் சின்ன வெள்ளை டப்பாவைக் காட்டினார். "அக்கா, பிரேக் ஆயில் எப்ப மாத்துனது?" மாற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டார். பக்கத்திலேயே புதுப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு. புதியது தேன் கலந்த தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சள். என் வண்டியினுடையது காலையில் போட்டு மறந்துபோன டிகாக்ஷன்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொள்ளும் ஒரு திரவம். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர நிர்ணயம். சுமார் நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கொதிநிலை 140 வரைக்கும் இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இது 230-ம் 155-ம். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிஸ்க்கின் சூடு, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் வழியாக இந்தத் திரவத்துக்கு ஏறும். பழைய திரவம் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கிற பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய், சக்கரத்துக்கு ஒன்றும் எட்டாது. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் மேலே வருவதும் இதனால்தான். பெடல் சரியாகிவிட்டது என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் அடுத்த இறக்கத்தில் அதே கதை.

ஆறு வருஷமாக அந்தத் திரவம் மாற்றப்படவே இல்லை. சர்வீஸ் முத்திரை ஒவ்வொன்றும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதற்கு. பிரேக் டப்பாவில் அளவு இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள், அதற்கு மேல் போகவில்லை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர். நான் வருஷா வருஷம் மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன்னால் மாற்றுகிறேன். நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்து பழையது முழுக்க வெளியேறி, குழாயில் நிறம் மாறி வரும் வரை கூடவே நிற்பேன். டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதிதாக ஊற்றினால் அது மாற்றியதாகாது, சூடு ஏறும் இடத்தில் பழைய சரக்கு அப்படியே இருக்கும். எந்த ரகம் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். இன்னொன்றும் அந்த மெக்கானிக்கிடம் கற்றேன்: அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பக் கூடாது. டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேட் தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு, ஆகவே குறைகிறதென்றால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும், அடுத்து எங்காவது கசிகிறதா என்று. ஊற்றி நிரப்பினால் வண்டி சொல்ல வந்த செய்தியை நாமே அழித்துவிடுகிறோம்.

ஓட்டும் பழக்கத்தை மாற்றக் கற்றுக்கொடுத்தவர் என் வகுப்பில் படித்த ஒரு பையனின் அப்பா. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர். ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். "டீச்சர், இன்ஜின் சத்தத்தை மட்டும் கேளுங்க. சத்தம் ஏறுறது தப்பில்ல, அதுதான் வண்டியப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார். எனக்கு இரண்டாவது கியரில் இன்ஜின் கத்துவதைக் கேட்டால் வண்டி கெடுகிறது என்ற பயம். அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது: ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இரண்டில் இறங்கினால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, அந்த இழுவையே பிரேக். இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை இன்ஜினுக்கு அதனால் கேடில்லை. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விட்டுவிட வேண்டும். லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் கெடுதல், டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஊசி மூலம் பெட்ரோல் பாயும் இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் நிற்காமல் இருக்கச் செலவாகும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செய்வது இரட்டை நஷ்டம்.

முன்பு முன்சக்கரப் பேடுகள் 20,000 கிலோமீட்டரில் தீர்ந்துபோயின. பழக்கம் மாறிய பின் அதே ரகப் பேடு 35,000 தாண்டியது. பின்னால் டிரம், அதன் ஷூ இன்னும் அதிக நாள் வரும். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் டிரம்மைக் கழற்றித் தூசு சேறு எடுக்கச் சொல்வேன். கிளட்ச் 62,000-ல் போனது. அதற்குக் காரணம் சபரிமலை சீசன். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை இந்தப் பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஏற்றத்தில் நின்று நின்று போகும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்தேன். கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. இப்போது நின்றால் ஹேண்ட் பிரேக், நகரும்போதுதான் கிளட்ச்.

மழையும் பனியும் தனிப் பாடம். எட்டியோசில் முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு நீளமான வைப்பர்தான். இரண்டு இருக்கும் வண்டியில் ஒன்று கிழிந்தாலும் மற்றது ஓரளவு காப்பாற்றும், இதில் அந்த வசதி கிடையாது. மே மாத வெயிலில் ரப்பர் காய்ந்து, முதல் மழையில் கறகறவென்று கண்ணாடியில் கோடு கோடாக இழுக்கும். அதனால் பிளேடு நன்றாகத் தெரிந்தாலும் ஜூன் 1-க்கு முன்னால் புதிது போடுகிறேன், பழையதைச் சுருட்டி டிக்கியில் வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடிக்கு அடியில், வைப்பர் தண்டு இருக்கும் அந்தக் கறுப்புத் தகட்டின் கீழே ஒரு வாய்க்கால் போகிறது. அதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளியில் வண்டி நிற்பது தேயிலைக்காட்டு ஓரத்தில், நிழலுக்கு வளர்த்திருக்கும் சில்வர் ஓக் மரங்களின் கீழே. அதன் இலை சீப்புப் பல் மாதிரி கிழிகிழியாக இருக்கும், உதிர்ந்தால் எந்த இடுக்கிலும் நுழையும். ஒரு ஆகஸ்டில் இடதுபக்கம் கால் வைக்கும் இடம் ஊறிப் போய் வண்டிக்குள் பூஞ்சை நாற்றம். ஏசி ஒழுகுகிறது, கூலிங் காயில் மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். பெரிய தொகை. கூடலூர்க்காரர் அந்தக் கறுப்புத் தகட்டின் கிளிப்பைக் கழற்றினார். உள்ளே இரண்டு கைப்பிடி இலை, கறுத்து மக்கி, நடுவில் ஒரு புல் முளைத்திருந்தது. தண்ணீர் இறங்கும் துளை அடைபட்டு, நிரம்பி, காற்று உறிஞ்சும் வழியாக வண்டிக்குள் வழிந்திருக்கிறது. ஒரு கம்பியும் ஒரு வாளித் தண்ணீரும் போதுமானதாக இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் போன பிறகு விரலால் அந்த இலைகளை எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கண்ணாடி உள்ளே ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏசியைப் போட்டு, காற்று வெளியிலிருந்து வரும்படி அந்த நெம்புகோலைத் தள்ளி, கண்ணாடிப் பக்கம் ஊதவிட்டால் இரண்டு நிமிஷத்தில் தெளியும். ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது, குளிருக்காக மட்டும் இல்லை அது. உள்காற்றிலேயே சுற்றவிட்டால் நம் மூச்சின் ஈரம் திரும்பத் திரும்பக் கண்ணாடியில்தான் படியும். வெளிப்பனிக்கு டிம் லைட்தான். பிரைட் போட்டால் பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பும்.

டயரில் நான் பார்ப்பது இரண்டு. ரோட்டில் படும் ரப்பர் கட்டிகளை, அதாவது பட்டன்களை, எடுத்துக்கொண்டால் அவற்றுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடு இருக்கும், ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படியே டயர் முடிந்தது. மழை ரோட்டில் அதுவரை காத்திருக்க எனக்கு மனம் வராது. இரண்டாவது, பக்கச் சுவரில் நான்கு எண். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. புது டயர் வாங்கும்போதுதான் ஸ்டெப்னியின் எண்ணைப் பார்த்தேன், அது வண்டி பிறந்த வருஷமே. பட்டன் புத்தம்புதிது, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள். அதை நம்பி மலை ஏறியிருக்கிறேனே என்று பிறகு வருத்தப்பட்டேன்.

2020-ல் ஊரடங்கு வந்து எல்லை மூடியபோது வண்டி மாதக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்றது. பேட்டரி செத்தது, அது எதிர்பார்த்ததுதான். எலி வயரைக் கடித்து வைத்தது எதிர்பாராதது. ஓடாத வண்டியையும் வாரம் ஒரு தடவை பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். கூலன்ட் டப்பாவில் டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நீர் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது முதல் தடவை 1,60,000 கிலோமீட்டர் வரை தாங்கக்கூடியது, குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கலந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

துணைப் பொருட்களில் நான் அதிகம் பேச விரும்புவது கால்மிதியைப் பற்றி. வண்டி வாங்கிய புதிதில், மழைச் சேறு ஒட்டாது என்று, தடித்த தோல் மாதிரியான ஒரு மேட்டை வாங்கிப் பழைய மேட்டின் மேலேயே விரித்தேன். கடையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாள் குமுளி பஸ் நிலையம் பக்கம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி மெதுவாகவில்லை. மேட்டின் மேல் விளிம்பு முன்னால் நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்டிருந்தது. சமதரை என்பதால் கிளட்சை மிதித்து நிறுத்திவிட்டேன். இது சின்ன விஷயமில்லை. 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா ஏறக்குறைய 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே கால்மிதி பெடலில் மாட்டிக்கொள்ளும் அபாயம்தான். சான் டியாகோ அருகே வேறொரு மாடலுக்கான மேட்டைப் போட்டிருந்த ஒரு லெக்சஸ் நிற்காமல் ஓடி, நான்கு பேர் இறந்த பிறகு அது நடந்தது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரே ஒரு மேட், அந்த மாடலுக்கென்று செய்தது, தரையிலுள்ள கொக்கியில் மாட்டியது. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் காலடியில் உருளக் கூடாது. பிரேக்குக்கு அடியில் போய் அது சிக்கினால் மலையில் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கத் தேவையில்லை.

மற்றவை எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டியவை. கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை வண்டியில் செய்த மாற்றங்களைக் கூர்ந்து பார்க்கும். கண் கூசும் எல்இடி பல்புக்கு வண்டிப்பெரியாறில் என் சக ஆசிரியை ஒருவர் அபராதம் கட்டினார். முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை அது உடலுக்கு நேராகக் கடத்தும், ஏர்பேக் விரிவதையும் குழப்பும். பனிக்கு ஃபாக் லேம்ப் போட்டால் ரிலே வைத்து, தனி ஃபியூஸ் வைத்துப் போடச் சொல்லுங்கள். ஹெட்லைட் வயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எனக்கு ஒருவர் அப்படித்தான் செய்தார், ஆறாம் மாதம் டேப் உருகிவிட்டது.

இப்போது என் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஜாக்கி, டார்ச், ஒளிரும் முக்கோணம், பழைய வைப்பர் பிளேடு இருக்கின்றன. கூடவே பலா மரத்தில் இரண்டு ஆப்புக் கட்டைகள். கம்பத்தில் ஒரு தச்சரிடம் சொல்லி டயர் வளைவுக்கு ஏற்றபடி சரிவாகச் செதுக்கி வாங்கினேன், ஒரு முனையில் துளையிட்டு மஞ்சள் கயிறு கோத்திருக்கிறது. போன மழைக்கு, அதே இறக்கத்தில், புகையும் சக்கரத்தோடு நின்ற ஒரு புதுமணத் தம்பதியின் வண்டிக்கு அதைத்தான் அண்டை கொடுத்தேன். அந்தப் பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு சக்கரத்தை நோக்கிப் போனான். "ஊத்தாத தம்பி, ஆறட்டும்" என்றேன். அரை மணி நேரம் கழித்து அவர்கள் கிளம்பியதும், கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டைகளை டிக்கியில் போட்டுக்கொண்டேன்.